பெயர் எழுதாத ஏழாவது

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்
அஃப்சரின் பேட்டரிக் கடை.
ஞாயிறு மாலை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டால்
சேலம் பஸ், பெங்களூர் பஸ், திருவண்ணாமலை பஸ்
எல்லாவற்றுக்கும் சக்கரம் மட்டும்தான்.
போன்கள் பிஸ்கட் டப்பாவுக்குள்.
அது ஒன்றுதான் சட்டம்.

முறை வந்தவர் பென் டிரைவ் கொண்டுவர வேண்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கலாம்.
வாசித்தவர் பெயர் கூடாது, ஆண்டு கூடாது, ஊரும் கூடாது.
ஜாஸ் என்பது எல்லாருக்கும் தெரியும்.
சில ஞாயிறுகளில் அதையும் சந்தேகிப்போம்.

எனக்குச் சுங்கச்சாவடியில் இரவு ஷிஃப்ட்.
லாரி முகம் காட்டுமுன்னே கியர் சொல்லிவிடும்
நாமக்கல் வண்டியா, ராஜஸ்தான் வண்டியா,
ஓட்டுகிறவன் தூங்கி எழுந்தவனா
தூங்கப் போகிறவனா என்று.
அந்தக் காதைத்தான் இங்கேயும் கொண்டுவருகிறேன்.
பேஸ் தந்திகள் என் பொறுப்பு.

திம்மராயன் பெரியாஸ்பத்திரியில்
மயக்க மருந்து டெக்னீஷியன்.
சாக்ஸபோனில் அவருக்கு மூச்சு மட்டுமே கேட்கும்.
"இந்த ஆளு முழுசா இழுக்கறதுக்குள்ள விட்டுடறான்,
போன மாசம் நாலாவதுல வந்தவனேதான்" என்பார்.
பத்துக்கு ஆறு சரியாக இருக்கும்.
மீதி நாலும் அதே உறுதியோடு தப்பாக இருக்கும்.

எலத்தகிரி அமல்ராஜ்
தேர்த்திருவிழாவில் டிரம்பெட் ஊதுகிறவர்.
உதடு வெடித்திருக்கிறது, முன்பல் புதுசு,
எச்சிலை வடிக்காமல் எடுத்துவிட்டான்
என்று ஊதியவனின் வாயைச் சொல்வார்.
பெயர் மட்டும் வராது.

அது மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதம்.
ஊரே இனித்துப் புளித்துக் கிடந்தது.
அஃப்சரின் முறை.
ஆறு வரை சண்டையில்லாமல் போயிற்று.

ஏழாவது.
இரண்டு கட்டைகள் செத்த பியானோ.
சலூனில் பிடரி மயிரைத் தட்டிவிடுவதுபோல்
டிரம்மின் மேல் பிரஷ்.
ஒரு டிரம்பெட் மெட்டைத் தொடங்கி,
மறந்து,
மறந்ததையே வாசித்தது.
இரண்டாம் நிமிடம் நாற்காலி ஒன்று நகர்கிறது.
நாலாம் நிமிடம் ஒரு பெண் இருமுகிறாள்.

பேஸ் இல்லை என்றேன்.
வரவேண்டியவர் வரவில்லை.
பியானோக்காரரின் இடது கை
அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.
இரட்டை ஷிஃப்ட் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

ஐம்பத்தெட்டு என்றார் ஒருவர்.
சிகாகோ. இல்லை, கோபன்ஹேகன்.
கல்கத்தா ஓட்டலாகக்கூட இருக்கலாம்.
அமல்ராஜ் வாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

நாலு முறை ஓடிய பிறகு
தோற்றோம், சொல்லுப்பா என்றோம்.

இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை.
"எனக்கும் தெரியாதுக்கா.
பெங்களூர் ஞாயித்துச் சந்தையில இருபது ரூபா கேசட்டு.
லேபிள் உரிஞ்சிருந்துச்சு.
எட்டு மாசமா கேக்கறேன்.
நீங்க யாராச்சும் சொல்லிடுவீங்கன்னுதான்
மத்த ஆறையும் சேத்தேன்."

"கேள்வித்தாள் குடுத்தவனே
பிட்டு கேக்க வந்திருக்கான்" என்றார் திம்மராயன்.

முதன்முறையாக டப்பாவைத் திறந்தோம்.
ஸ்பீக்கருக்கு நேரே போனைப் பிடித்தோம்.
அது சுற்றியது, சுற்றியது,
கிடைக்கவில்லை என்றது.
எங்களுக்கு, உண்மையைச் சொன்னால்,
சந்தோஷமாக இருந்தது.

தோற்றவர்தான் டீக்காசு தர வேண்டும்.
நாலாகப் பிரித்துக்கொண்டோம்.
அஃப்சரின் நோட்டில் ஏழுக்கு நேராக
மூன்று கையெழுத்தில் மூன்று ஊர்.
விடைக் கட்டத்தில் டீக்கறை.

அன்று இரவு இரண்டரை மணி.
தொப்பூர் ஏறி வந்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.
போன் அடிக்கிறது.
திம்மராயன், ஆஸ்பத்திரியிலிருந்து, அடங்கிய குரலில்:
"அந்த இருமல் பொம்பள இல்ல.
சின்னப் பையன். பத்து, பன்னெண்டு வயசு இருக்கும்.
அந்நேரத்துக்குத் தூங்காம உக்காந்திருக்கான்.
நோட்டுல மாத்தணும்."

யாரோட பையன் என்று கேட்டேன்.

முன்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.