பத்தொன்பது நாள்

களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடி.
நொத்தாரிசு சாமித்தம்பி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்கிறார்:
"பிள்ளை இப்ப எந்த நாட்டாள்?"

இலங்கை, என்கிறேன்.
"அப்ப கனடா?"
அங்கே நிரந்தர வதிவு.
"நிரந்தரம் எண்டா நிரந்தரம்தானே,
பிறகென்ன குடியுரிமைக்கு இவ்வளவு அவதி?"

என்ன சொல்ல.
அந்த நிரந்தரத்துக்கு ஓர் அட்டை உண்டு.
பால் பைக்கற்றில் இருப்பதுபோல
முடிவுத் திகதியும் உண்டு.

ஐந்து வருடத்துக்குள்
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்
அந்த மண்ணில் இருந்து காட்டவேண்டும்.
பனியில் வழுக்கிக் கை முறிந்து கிடந்த நாளும் சேரும்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
பஸ்ஸில் தூங்கிப்போய்
கடைசித் தரிப்பில் எழும்பிய நாளும் சேரும்.
இந்தப் பத்தொன்பது நாள் சேராது.
மார்கழியில் போட இருந்த விண்ணப்பம்
தைக்குத் தள்ளிப் போய்விட்டது.

தங்கையின் தலைப்பிள்ளையை ஏந்திய நாள், பூச்சியம்.
நேற்றுக் கல்லாற்றுப் பாலத்தில் ஓட்டோ நின்றுபோக
நாலு பேரும் இறங்கித் தள்ளிச் சிரித்தோமே, அது பூச்சியம்.
இன்று உங்கள் மேசைக்கு முன்னால்
அம்மா எழுதித் தரும் வீட்டுக்கு
நான் கையொப்பம் வைக்கிறேனே,
இதுவும்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு.
குடியும் தாய்வழிதான்.
கோயில் திருவிழாவில் எங்கள் குடிக்கு ஐந்தாம் நாள்.
அதற்கு யாரும் என்னிடம் விரலடையாளம் கேட்கவில்லை.
பிறந்தேன், அவ்வளவுதான்.
இந்த ஊரின் பெயரில்கூடக் குடி இருக்கிறது.
அங்கே அதே சொல்லுக்குப் பின்னால்
உரிமை என்று ஒரு வால்.

வாக்குப் போடவா? போடலாம்தான்.
தேர்தல் காலத்தில் கதவைத் தட்டுகிறவர்
நீங்கள் வாக்காளரா என்பார்.
இல்லை என்றதும்
நீட்டிய துண்டுப்பிரசுரம் பாதியில் திரும்பும்.
லண்டனில் மச்சாளின் கலியாணம்.
இந்தக் கடவுச்சீட்டுக்கு விசா வந்தது
தாலி கட்டி ஒன்பதாம் நாள்.
போகட்டும். அவதி அதுவல்ல.

அவதி என் வீட்டுக்காரர்.
குணநாயகம், குருமண்வெளியில் பிறந்தவர்.
திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று
எழுதிக் கொடுத்து அகதியானவர்.
அவரிடமும் அதே அட்டைதான்.
ஆனால் ஒருமுறை கட்டுநாயக்காவில் இறங்கினால்
பயம் போய்விட்டதா, மிக நல்லது என்று
கொடுத்ததையெல்லாம் அங்கே திருப்பிக் கேட்கலாம்.
தகப்பனின் முப்பத்தோராம் நாளை
வேலைத்தலக் கழிவறையில்
சவர்க்காரப் போத்தலில் போனைச் சாத்தி வைத்துப் பார்த்தார்.
படையல் நேரம் படம் உறைந்துவிட்டதாம்.
ஐயரின் கை மட்டும் அந்தரத்தில் நின்றதாம்.

விண்ணப்பம் போட்டுப் பதினேழு மாதம்.
பல் தீட்டுமுன் மின்னஞ்சல் பார்க்கிறார்.
சத்தியம் எடுத்த மறுநாளே டிக்கெட் என்கிறார்.
இங்கே வருவதற்காகத்தான், ஐயா,
அந்த நாட்டாளாகப் பார்க்கிறோம்.

சாமித்தம்பி கண்ணாடியை இறக்குகிறார்.
"அங்க குடியாகினா இஞ்ச குடி போயிரும், பிள்ளை.
இரட்டைக்கு எழுதிப் போடாட்டி
உன்ட வீட்டுக்கு நீ விசா எடுத்துத்தான் வரணும்.
அதுக்குள்ள வை கையொப்பத்த."

அம்மா பெருவிரலை மையில் ஒற்றுகிறாள்.
எதையும் கேட்காததுபோல் இருக்கிறாள்.
விரலை எங்கே துடைப்பதென்று மட்டும் தேடுகிறாள்.

மூலையிலிருந்த பெடியன்
பதிவுப் புத்தகத்தை விரித்துக் கேட்கிறான்:
"அக்காட நிரந்தர விலாசம்?"

எதைச் சொல்ல, என்கிறேன்.

அவன் தலை நிமிரவில்லை.
"ஒரு வரிதான் இருக்கு அக்கா."