பட்டான்

கோர்ட்டில் மூன்று மணிக்கு மேல் வா என்றுவிட்டார்கள்.
வக்கீல் பிரியாணி சாப்பிடப் போனார்.
வெயிலுக்கு ஒதுங்கிய கட்டடம் அருங்காட்சியகம் என்று
டிக்கெட் வாங்கிய பிறகுதான் படித்தேன்.
ஐந்து ரூபாய். பத்தாகத்தான் இருந்தது.
மீதி அப்புறம் தருகிறேன் என்றார் ருக்குமாங்கதன்
(பெயர் சட்டையில் குத்தியிருந்தது).

தகடூர் என்று ஒரு தலைநகர் இருந்ததாம்.
முப்பத்தாறு வருஷமாய் நான் இங்கே
பஸ் மாறத்தான் வந்திருக்கிறேன்.
கோட்டை இருந்த இடம், அகழி இருந்த இடம் என்று
ஒரு வரைபடம். கண்ணாடிக்கு உள்பக்கம் பல்லி முட்டை.
பானை விளிம்பு,
துருவில் பாதி தின்றுபோன இரும்பு,
பாசிமணி பத்தொன்பது என்று ஓர் அட்டை.
எண்ணினேன். பதினேழு.
நேரம் போகவேண்டுமே, மறுபடி எண்ணினேன்.

கற்கள் வெளியே, தகரக் கூரைக்குக் கீழே,
ரேஷன் கடை வரிசை மாதிரி.
யாரும் என் இடுப்புக்கு மேல் இல்லை.
ஒருவனுக்குத் தொடையில் இரண்டு அம்பு, நெஞ்சில் ஒன்று.
அப்படியும் ஒரு கால் முன்னால்தான் இருக்கிறது.
ஓரத்தில் சின்னதாய் மூன்று மாடுகள்;
ஒன்று மட்டும் தலையைத் திருப்பி
வேறெங்கோ பார்க்கிறது.

‘தொறு மீட்டுப் பட்டான்.’

தொறு என்றால் மந்தை என்றார் ருக்குமாங்கதன்.
பட்டான்?
கடன்பட்டான், பாடுபட்டான், ஆசைப்பட்டான்,
போலீஸ் எழுத்தில் அடிபட்டான்.
முன்னால் ஒரு சொல்லும் இல்லாமல்
வெறுமனே ஒருத்தன் படுவானா?

‘செத்துட்டான்மா. அவ்வளவுதான்.’

மாதேஷும் மாடுகளோடுதான் போனான்.
தொப்பூர் இறக்கம், விடிகாலை மூன்றேகால்,
கேரளா லோடு, இருபத்திரண்டு உருப்படி.
பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள்.
தூங்கிவிட்டான் என்றார்கள்.
அவன் டிரைவரே இல்லை, கிளீனர் என்கிறார்
இன்சூரன்ஸ் வக்கீல்,
கிளீனர் என்றால் கொஞ்சம் கம்மியாய்ச் செத்த மாதிரி.
வயசு இருபத்தொன்பது, பதினேழால் பெருக்கணும் என்கிறார் எங்கள் வக்கீல்.
மாசம் எவ்வளவு என்பதில்தான்
மூன்று வருஷமாய் நிற்கிறது.

அவன் யாரிடமிருந்தும் எதையும் மீட்கவில்லை.
வெட்டுக்குப் போகிற மாடு.
வீரம் என்று ஒன்றும் இல்லை, பேட்டாக் காசு முந்நூறு.
வண்டி கவிழ்ந்ததும் பிழைத்த ஒன்பது
இருட்டில் கரட்டின் மேல் ஏறிவிட்டன.
அவனை ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த நேரத்தில்
மாட்டு ஏஜெண்ட் ஆள் வைத்துத் தேடி
எட்டைப் பிடித்தான்.

அட்டையில் கடைசி வரி:
‘இவனுக்கு நெய்த்தோர்பட்டி விடப்பட்டது.’
நெய்த்தோர் என்றால் ரத்தமாம்.
சிந்தினவன் வீட்டுக்கு ராஜா விட்ட நிலம்.

‘எத்தனை வாய்தாவுல?’ என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
கூரைத் தகரம் வெயிலில் டக்கென்று ஒரு சத்தம் போட்டது.
கல்லின் அடிப்பக்கம் வரைக்கும் குனிந்து பார்த்து,
விரலால் மண்ணைத் தட்டிவிட்டு,
‘அது கல்வெட்டுல இல்லீங்க’ என்றார்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம்.
பதிவேட்டில் எழுதச் சொன்னார்: பெயர், ஊர், கருத்து.
எனக்கு மேலே ஏழு பேர், ஏழும் ‘அருமை’.
செல்லியம்மாள், இண்டூர் என்று எழுதி
கொஞ்சம் யோசித்துவிட்டு
பாசிமணி பதினேழுதான் இருக்கிறது என்று எழுதினேன்.

படித்தார். மீதி ஐந்து ரூபாயை
மறக்காமல் என் கையில் வைத்தார்.
நான் கேட்டைத் தாண்டும்போது
உள்ளே அவர் குரல்
ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தது.