சத்தமில்லாத பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் உரக்கப் பேசக் கூடாது.
படுக்கையறையில் கிதியோன் தூங்குகிறார்.
நைட் ஷிஃப்ட் முடித்து ஏழரைக்கு வந்தவர்,
காலரில் எண்ணூர்க் கரித்தூள்,
தட்டில் தின்னாமல் விட்ட பாதி இட்லி.

ஆகையால் ஏழாம் வாய்ப்பாடு
பெரம்பூரிலேயே இந்த ஒரு வீட்டில் மட்டும்
ரகசியம்போலச் சொல்லப்படுகிறது.
ஓரேழு ஏழு என்று யோத்தாம் உதடசைப்பான்.
ஈரேழு பதினாலு என்று நான் உதடசைப்பேன்.
குக்கர் மட்டும்
எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் விசிலடிக்கும்.

ஃப்ரிட்ஜ் கதவில் கால அட்டவணை.
ஜூன் மாதத்து உற்சாகத்தில்
நாலு நிற ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது.
எட்டு மணி ஜெபம். எட்டரை கணக்கு. ஒன்பதேகால் தமிழ்.
செவ்வாய், அறிவியல் என்ற கட்டத்தில்
ஆகஸ்டிலிருந்து ஒரு சாம்பார்க் கறை.
துடைக்கவில்லை.
செவ்வாய்தான் தண்ணீர் லாரி வரும் நாள்,
அறிவியல் எப்படியும் ஒன்பது குடத்தோடு முடிந்துவிடும்.

மாடிப்படியில் மூன்றாம் தளத்து அம்மா கேட்பார்:
"பசங்களுக்கு இன்னிக்கும் லீவா?"
ஞாயிறு ஆராதனை முடிந்து
செருப்புக் குவியலில் ஜோடி தேடும்போது
பியூலா அக்கா கேட்பார்:
"பத்தாவது பரீட்சை எப்படி எழுதுவாங்க? யோசிச்சியா?"
யோசிக்கிறேன் அக்கா.
இரவு இரண்டரைக்கு,
கரண்ட் போய் ஃபேன் நின்ற பிறகு யோசிக்கிறேன்.
அந்த நேரத்தில்
யோசிப்பது எது, ஜெபிப்பது எது என்று
என்னால் பிரிக்க முடிவதில்லை.

ஏன் ஆரம்பித்தேன்?
வேனில் ஏற்றி அனுப்பிய முகங்கள்
மாலை நாலரைக்கு இறங்கி வந்தபோது
யார் வீட்டுப் பிள்ளைகளோ போலிருந்தன.
அவ்வளவுதான்.
சபையில் சாட்சி சொன்னபோது
இதைவிட நீளமாகச் சொன்னேன்.

நேற்று வகுத்தல்.
எண்பத்துநாலை ஏழால்.
"பதினொன்று, மீதி ஏழு" என்றாள் எப்சிபா.
மறுபடி போடு என்றேன் கிசுகிசுப்பாக.
பதினொன்று, மீதி ஏழு.
சின்னவன் ஆசேர் சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருந்தான்.
அடுப்பில் பால்.
மூன்றாம் முறையும் அதே ஏழு
அதே மீதியாய் வந்து நின்றபோது
கத்திவிட்டேன்.
எதிர் பிளாக் ஜன்னல் ஒன்று திறக்கும் அளவுக்கு.

எப்சிபா அழவில்லை. பென்சிலை மூடிக் கேட்டாள்:
"இப்போ நீங்க மிஸ்ஸா, அம்மாவா?"

பால் பொங்கி அணைத்துக்கொண்டது அடுப்பை.

கதவு திறந்தது.
லுங்கியும் சிவந்த கண்ணுமாய் வந்தவர்
என்னை ஒன்றும் சொல்லவில்லை,
அது வேறு சுட்டது.
தரையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார்.
"மீதி ஏழு இருக்கா?
ஏழு பேருக்கு இன்னொரு ரவுண்டு வரும் பாரு" என்றார்.
சொன்னவர் சுவரில் சாய்ந்தார்.
அவள் பன்னிரண்டு என்று எழுதும்போது
வாய் திறந்து தூங்கிப்போயிருந்தார்.
பிள்ளைகள் எழுந்து, நான் சொல்லாமலே,
ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள்.

மாலை ஆறுக்குக் குடும்ப ஜெபம்.
நாளில் அந்த இருபது நிமிஷம்தான்
இந்த வீட்டில் எல்லோருக்கும் குரல் உண்டு.
யோத்தாம் கண்ணை இறுக்கிக்கொண்டு கேட்டான்:
"ஆண்டவரே, மிஸ்ஸுக்கு நாளைக்கு லீவு கொடும்.
அம்மா மட்டும் வரட்டும்."
ஆமென் என்றார்கள் சத்தமாக.
ஆசேரும் என்னவோ சொன்னான்.
நான்
ஏழாம் வாய்ப்பாடு சொல்வதுபோல
உதட்டை அசைத்தேன்.

இன்று செவ்வாய்.
பத்தாகியும் லாரியைக் காணோம்.
குடங்கள் வரிசையில் நிற்க
அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்தேன்.
எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று
எங்கள் நாலு பேருக்கும் தெரியவில்லை.