பசுவுக்குள் ஒரு வடக்கு

நூற்றிப் பதினெட்டு தீவனத்தை மோந்துவிட்டுத்
திரும்பிக்கொண்டது.
முதுகு வில்லாகியிருந்தது. முன்னங்கால் முட்டி
உடம்பை விட்டு ஒதுங்கி நின்றது.
"ஆணிதான்" என்றார் சீப்ரன்.
ஃப்ரீஸ்லாந்தில் மழை நாளில்
இதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

கம்பித் தடுப்பை விட்டு வெளியே ஓட்டிவரச் சொன்னேன்.
பக்கத்தில் இரும்பிருந்தால் ஊசி பொய் சொல்லும்.
ஸ்டெதாஸ்கோப்புக்கு முன் திசைகாட்டி:
இடது முன்னங்காலுக்குப் பின்னே, விலா ஓரம்.
ஒரு முழத்தில் ஊசி கடலைப் பார்த்தபடி சும்மா இருந்தது.
ஒரு சாணில் தயங்கியது.
தோலைத் தொட்டதும்
வடக்கை விட்டுவிட்டுப்
பசுவைச் சுட்டியது.

தோல், கொழுப்பு, தசை, சூடான ரத்தம்,
எதுவும் அந்தப் புலத்துக்குக் கதவில்லை.
கத்தியில்லாமல் நான் நுழைய முடியாத அறைக்குள்,
தேனடை போன்ற இரண்டாம் இரைப்பையில்,
நாலு வருஷத்துக்கு முன் நானே விழுங்க வைத்த காந்தம்
விரல் நீளம்
இன்னும் காவலிருக்கிறது, சம்பளம் கேட்காமல்.

என்னென்ன ஒட்டியிருக்கும் என்று தெரியும்:
வேலிக் கம்பி, ஸ்டேப்பிள் முள், டிராக்டரின் மரை.
பிடிபட்ட ஆணியும் காந்தமாகி
அடுத்ததைப் பிடிக்கும், அது இன்னொன்றை,
இருட்டில் ஒரு முள்ளம்பன்றிக் குட்டி
பிறக்காமலே வளரும்.

"அப்போ ஆணியில்லை" என்றேன்.
சீப்ரன் சாலையைப் பார்த்தார்.
கோடையில் சைக்கிளில் போனவர்கள்
புல்லுக்குள் எறிந்த பீர் டப்பா.
அறுவடை இயந்திரம் நறுக்கிப்
புல்லோடு சேர்த்துக் கட்டியிருக்கும்.
அலுமினியம்.
மடியிலேயே வந்து விழுந்தாலும்
காந்தத்துக்கு அது வைக்கோல்.

"பெரிய காந்தமாய்ப் போட்டால்?"
அவருக்குப் பதில் சொல்லாமல்
விலாவுக்குப் பின்னே மயிரை மழித்தேன்.

நின்றபடியே மரத்துப்போன பசு.
தோள் வரை நான் உள்ளே.
வெதுவெதுப்பான சாறு, அறுகோணச் சுவர்கள்,
ஒரு சுவரில் செருகிக்கொண்டிருந்தது தகடு.
எஃகு இடுக்கியை நீட்டினேன்.

டக்கென்று இழுத்துக்கொண்டது
அந்தக் காவல்காரன்.

விடு, என்றேன்.
நூற்றிப் பதினெட்டு காதை ஆட்டியது.
ஆணியில்லையடா, இது நான்.

இடுக்கியை அதனிடமே விட்டுவிட்டு
வெறும் விரலால் தகட்டை உருவினேன்.
பிராண்டின் பெயரில் பாதி
இன்னும் பச்சையாகப் பளபளத்தது.