இண்டைக்கு ஏலாது

காலமை ஆறரைக்கு,
வெடி அகற்றும் பாதைக்குள் இறங்க முன்,
எட்டுப் பேரையும் தனித்தனியாய்க் கேட்பா லோஜினி அக்கா:
"நித்திரை கொண்டனியோ?"

அம்பகாமக் காட்டில் அந்நேரமும் பனி.
வெள்ளைத் தடிக்கு இங்கால நாங்கள்.
சிவப்புத் தடிக்கு அங்கால
ஆர் பெயரிலும் இன்னும் எழுதப்படாத மண்.

முந்தி இருந்த பொறுப்பாளர்
கொப்பியைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவார்.
இவ கண்ணைப் பார்ப்பா.
பொய் சொல்லுற கண்ணில்
இமை கொஞ்சம் பிந்தித்தான் மூடுமாம்.

சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு
விடிய மூண்டு மணிமட்டும் முழிச்சிருந்த ஒருநாள்
நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னன்:
"இண்டைக்கு ஏலாது அக்கா."
சம்பளத்தில் வெட்டு விழும் எண்டுதான் பயம்.
"சரி, தண்ணிப் பக்கம் நில்."
வேற ஒண்டும் சொல்லேல்லை.
கவசத்தை மாட்டி, என்ர பாதையில் முழங்காலிட்டு,
எனக்குரிய மண்ணைத் தானே
விரல் விரலாய்க் கிண்டினா.
பின்னேரம் கொப்பியில் கிடந்தது:
தோண்டியது லோஜினி. தண்ணி தந்தது நான்.
ரெண்டுக்கும் ஒரே அளவு எழுத்து.

பாதைக்குள்ள கதைக்க ஏலாது.
ஆளுக்கும் ஆளுக்கும் இருபத்தைஞ்சு மீற்றர்.
அதால அவவின்ர கதையெல்லாம்
பாலை மர நிழலில், ஓய்வு பத்து நிமிசத்தில்.
அதிலும் முக்கால்வாசி கேக்கிறதுதான்.
சுபாங்கியின்ர அடைவு நகை
எப்ப மூழ்கும் எண்டு அவவுக்குத் தெரியும்.
குலமதியின்ர இடது முழங்கால் நோகுறது தெரிஞ்சு
பழைய மெத்தையில் பஞ்சு வெட்டிக்கொண்டு வந்தா.

டிடெக்டருக்கு ஆணியும் ஒண்டு, மிதிவெடியும் ஒண்டு.
ரெண்டுக்கும் அதே கீச்சுச் சத்தம்.
மெல்லக் கிண்டிப் பார்த்தால்தான் தெரியும்.
மனுசரும் அப்பிடித்தான் எண்டு
அவ ஒருநாளும் சொன்னதில்லை.
நானாய் நினைச்சது.

ஒருக்கால் கத்தியிருக்கிறா.
கொழும்பிலயிருந்து ஆக்கள் வந்து
இந்த மாசம் எத்தினை மீற்றர் எண்டு நெருக்கின கிழமை.
"ஒவ்வொரு நாளும் உனக்கு ஒரு நோ!"
குலமதி வாய் திறக்கேல்லை.
அதுக்குப் பிறகு மூண்டு நாள்
நாங்கள் எல்லாரும் நல்லா நித்திரை கொண்டம்,
வாயளவில்.
நாலாம் நாள் கேள்வி கேக்க முதல்
குலமதிக்கு முன்னால போய் நிண்டு,
எல்லாருக்கும் கேக்கத்தக்கதாய்,
"நான் கத்தினது பிழை" எண்டா.
குலமதி தலையாட்டினாள். சிரிக்கேல்லை.
பிறகும் ஒரு கிழமை எடுத்தது
உண்மை திரும்பி வர.

மாசியில் ஒரு வெள்ளி.
எட்டாவது ஆளையும் கேட்டு முடிச்சு
விசிலை எடுக்கப் போனா.
வந்து பத்து நாளும் ஆகாத வர்ணிகா கேட்டாள்:
"நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ?"

எங்கேயோ ஒரு காட்டுக்கோழி கத்தி ஓய்ஞ்சது.
"ஓம்" எண்டா.
இமை பிந்தி மூடினது.
எட்டுப் பேரும் பார்த்தம்.
அவவும் நாங்கள் பார்த்ததைப் பார்த்தா.

விசில் கயிற்றைக் கழற்றி
குலமதியின்ர கழுத்தில் போட்டா.
"இண்டைக்கு ஏலாது."
அண்டைக்கு முழுக்க எங்களுக்குத் தண்ணி வார்த்தது அவதான்.
கை கொஞ்சம் நடுங்கினது,
கோப்பைக்கு வெளியிலும் சிந்தினது.

ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.
ஓய்வு நேரம் மரத்தடியில்
எங்களோட வந்து குந்தி,
தானாய்ச் சொல்லத் தொடங்கினா.
நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தம்,
அவ பழக்கினபடி.

பத்து நிமிசம் இருபத்தைஞ்சாய்ப் போச்சு.
குலமதி அதையும்
கொப்பியில் எழுதினாள்.