உயிலில் இல்லாதது

கட்டம் என்றால் ஆண். வட்டம் என்றால் பெண்.
குறுக்கே கோடு விழுந்தால் இறந்தவர்.
உள்ளே கறுப்படித்தால் புற்று.
செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில்
பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார் மரபணு ஆலோசகர்:
அப்பாவுக்கு எத்தனை வயதில்?

நாற்பத்து மூன்று.
காட் மீன் பிடிக்கத் தடை வந்த வருடம்.
கவலையில் போனார் என்றுதான் துறை முழுக்கப் பேச்சு.
அவர் தங்கை?
செல்மா அத்தை. கருப்பையில்.
அதுவும் இதைச் சேர்ந்ததுதான் என்று
வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினார்.
தாத்தா?
வயிற்றுக் கோளாறு என்பார்கள்.
எங்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில்
கடலுக்குள் கிடக்கும் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் உண்டு,
இடுப்புக்குக் கீழே வரும் நோய்க்கு மட்டும் இல்லை.

என் வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி:
நோயில்லை, சுமக்கிறேன்.
பக்கத்தில் ஹெட்லியின் கட்டம். உள்ளே கேள்விக்குறி.
"நாங்கள் அவரை அழைக்க முடியாது, வெர்னா.
நீங்கள்தான் சொல்லவேண்டும்."

பதினோரு வருடம்.
அம்மாவின் உயிலில் படகு அவனுக்கு,
படகுக் கொட்டகையும் அவனுக்கு,
எனக்குத் தையல் இயந்திரம்.
அன்று அடைத்த வாய்.

இதற்கு உயில் கிடையாது.
ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக
ஒருமுறை சுண்டுகிறார்கள், பூவா தலையா.

படகின் அடிவயிற்றுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான்.
பெயிண்ட் டப்பாவின் மேல் உறையை வைத்தேன்.
"ஒரு குழாய் ரத்தம். அவ்வளவுதான்."
"படகை விற்கச் சொல்லி வந்தாயாக்கும்."
தூரிகையை அவன் கீழே வைக்கவில்லை.

எப்போது போனான் என்று தெரியாது.
ஆறு வாரம் கழித்து அவன் மனைவிதான் அழைத்தாள்:
இல்லையாம். அவனுக்கு இல்லை,
ஆகவே அவன் பையன்களுக்கும் இல்லை.

சந்தோஷம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால்,
ஒரு மூச்சு முன்னால், வந்தது வேறு:
படகும் அவனுக்கு.
இதை எழுதித்தான் வைக்கிறேன்.
மூடி வைத்தது போதும் இந்த வீட்டில்.

அக்டோபரில் என் முறை.
முந்தின இரவு நான்கு லிட்டர்,
எலுமிச்சைச் சுவை என்று பொய் சொல்லும் உப்புத்தண்ணீர்,
குளியலறைத் தரையில் குறுக்கெழுத்துப் புதிர்.
மயக்கம் கொடுத்தபின் வண்டி ஓட்டக் கூடாது,
கூட ஆள் வேண்டும் என்பது விதி.

காலை நாலரைக்கு வாசலில் ஒரு டிரக்.
ஹார்ன் இல்லை, விளக்கு மட்டும்.
இரண்டரை மணி நேரம் அவன் பேசவில்லை.
மூஸ் மான் குறுக்கே வரும் வளைவுகளில் மட்டும்
வேகத்தைக் குறைத்தான்.

திரும்பும்போது கேட்டான்:
"எத்தனை?"
"ஒன்று. கடுகளவு. சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள்."
"ம்."

என் மகளின் வட்டம் இன்னும் வெள்ளை.
பதினெட்டு ஆகட்டும், பார்க்கலாம் என்கிறாள்,
கதவைச் சாத்திக்கொண்டு.

கொட்டகைச் சுவரில்
அப்பா மீன் கணக்கு எழுதிய பலகையில்,
போன வாரம் பார்த்தேன்,
பச்சைப் பெயிண்டில் ஒரு தேதி:
அடுத்த அக்டோபர், ஒன்பது. வெர்னா.
எழுத்துப் பிழையோடு.