மொழிபெயர்ப்பு

பள்ளிப்பட்டு கோர்ட்டில்
என் சின்னம்மா தெலுங்கில் பேசினாள்
பத்து நிமிடம்.
கிணறு வெட்டிய வருஷம், அதே வருஷம் செத்த எருமை,
வரப்பில் புளியங்கன்று நட்டது யார்,
தண்ணீர் ஊற்றியது யார்.
பெஞ்ச் கிளார்க் தேசப்பன் தமிழில் சொன்னார்:
"ஞாபகம் இல்லையாம், ஐயா."

நீதிபதி திருநெல்வேலிக்காரர். நல்லவர்.
தன் டீக்குத் தானே காசு கொடுப்பவர்.
எழுதிக்கொண்டார்.

எதிராளியும் தேசப்பனும்
நகரியில் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள்.
வக்கீல் இதை என்னிடம் சொன்னது
வழக்குப் போட்ட மூன்றாம் வருஷம்,
பஸ்ஸுக்கு நிற்கும்போது,
மழை வரும்போல இருக்கே என்கிற குரலில்.

ஆனியில் தேசப்பன் பேத்திக்குக் காது குத்தினார்கள்.
இரண்டு கூடை பங்கனப்பள்ளி கொண்டுபோனேன்.
மொய் ஆயிரத்தொன்று.
லஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.
பந்தியில் அவரே எனக்கு ரசம் ஊற்றி
"மீ பின்னி பாகுன்னாரா?" என்று கேட்டார்.

சாட்சியை மறுபடி கூப்பிட்டார்கள்.
சின்னம்மாவுக்குச் சளி, குரல் எழும்பவில்லை.
ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இருமினாள்.
தேசப்பன்தான்
தமிழில் கிணறு வெட்டினார்,
எருமையைப் புதைத்தார்,
புளியங்கன்றுக்கு ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினார்.
நீதிபதியின் பேனா நிற்கவே இல்லை.

ஜெயித்துவிட்டேன்.
"சாட்சியம் இயல்பாகவும் நம்பும்படியும் உள்ளது"
என்ற வரியை எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.
முதல் நாளே அப்படித்தான் இருந்தது.

தீர்ப்பு நகலில் என் பெயர்
முத்துகிருஷ்ணன் என்று இருக்கிறது.
தேசப்பன் வீட்டு மொய் நோட்டில்
முனிகிருஷ்ணன்,
இனிஷியலோடு.